சகுரா எப்போது, எங்கே பூக்கும்? மொட்டுக்குள் ஓடும் வெப்பக் கணக்கு

டோக்கியோவின் யாசுகுனி கோயில் வளாகத்தில் ஒரு குறிப்பிட்ட செர்ரி மரம் உண்டு. மார்ச் மாதத்தில் வானிலை ஆய்வு நிறுவனத்தின் அலுவலர் வந்து அதன் கிளைகளை அண்ணாந்து பார்ப்பார். ஐந்தாறு பூக்கள் விரிந்திருந்தால், டோக்கியோவில் சகுரா, அதாவது செர்ரி, பூத்துவிட்டதாக அன்றே அறிவிப்பு வரும். மொட்டுகளில் 80 விழுக்காடு விரிந்தால் முழு மலர்ச்சி. நாடெங்கும் இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் மாதிரி மரங்களை வைத்துக் கவனிக்கிறார்கள்.

ஒரு மரத்தை வைத்து ஒரு நகரத்துக்கே நாள் சொல்ல முடிவதற்குக் காரணம், 'சோமெய் யோஷினோ' என்ற வகை. எடோ காலத்தின் கடைசியில் (19ஆம் நூற்றாண்டின் நடுவில்), இன்றைய டோக்கியோவுக்குள் அடங்கிவிட்ட சோமெய் கிராமத்துத் தோட்டக்காரர்கள் பரப்பிய மரம் இது. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அதனால் ஒட்டுக் கட்டித்தான் பெருக்குகிறார்கள். ஜப்பான் முழுக்க நிற்கும் சோமெய் யோஷினோ மரங்கள் மரபணுவில் ஒன்றுக்கொன்று நகல்கள். ஒரே தெருவில், ஒரே வெயிலில் நிற்பவை ஏறக்குறைய ஒரே நாளில் பூக்கின்றன.

பூவுக்கான வேலை முந்தைய கோடையிலேயே தொடங்கிவிடுகிறது. ஜூலை, ஆகஸ்டில் கிளையில் பூமொட்டு உருவாகிறது. இலையுதிர் காலத்தில் இரவு நீளும்போது இலைகளிலிருந்து வளர்ச்சியைத் தடுக்கும் ஹார்மோன்கள் மொட்டுக்குப் போகின்றன. மொட்டு தடித்த செதில்களை மூடிக்கொண்டு உறங்குகிறது. புயல் காற்று செப்டம்பரிலேயே இலைகளை உதிர்த்துவிட்டால் இந்தத் தடை போய்ச் சேராது. அப்போது அக்டோபரில் ஓரிரு கிளைகள் பூத்து நிற்பதைப் பார்க்கலாம். அந்த மொட்டுகள் அடுத்த வசந்தத்தில் பூக்காது.

உறங்கிய மொட்டை எழுப்புவது வெயில் இல்லை, குளிர். 5 டிகிரிக்கு அருகிலான குளிரில் பல வாரங்கள் கிடந்தால்தான் உறக்கம் கலையும். டோக்கியோ வட்டாரத்தில் ஜனவரி முடிவதற்குள் இது நடந்துவிடும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதற்குப் பிறகுதான் வெப்பம் கணக்கில் சேரும். பரவலாகப் பயன்படும் எளிய விதி ஒன்று உண்டு: பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் அதிகபட்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வாருங்கள், கூட்டுத்தொகை 600ஐத் தொடும் நாளை ஒட்டி முதல் பூ விரியும். டோக்கியோவின் பிப்ரவரி அதிகபட்சம் சராசரியாக 11 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. 28 நாளுக்கு ஏறத்தாழ 305 வரும். மீதி 295ஐ மார்ச்சின் 14 டிகிரியால் வகுத்தால் 21 நாள், அதாவது மார்ச் 21. நீண்டகாலச் சராசரி மார்ச் 24. கையால் போட்ட கணக்குக்கு இது நல்ல நெருக்கம்.

தெற்கே போனால் இந்த விதி சறுக்கும். 2020இல் டோக்கியோவில் மார்ச் 14 அன்றே பூத்தது. அதற்குத் தென்மேற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு அருகில், டோக்கியோவைவிட வெப்பமான ககோஷிமாவில் ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குளிர்காலம் மிதமாகிவிட்டதால் மொட்டுகளின் உறக்கம் சரியாகக் கலையவில்லை. இப்படிப்பட்ட ஆண்டுகளில் பூக்கள் ஒன்றாக விரியாமல் விட்டுவிட்டு விரியும். மரம் முழுதும் நிறைந்த காட்சி கிடைப்பதில்லை. புவி வெப்பமானால் சகுரா முன்கூட்டியே பூக்கும் என்பது பாதி உண்மைதான். தென்கோடியில் அது தாமதமாகும், கடைசியில் பூப்பதே தடுமாறும். ஜப்பானின் தென்கோடித் தீவுகளான ஒக்கினாவாவில் பூ தெற்கிலிருந்து வடக்கே ஏறாமல், தலைகீழாக வடக்கிலிருந்து தெற்கே இறங்கும். அங்கே சோமெய் யோஷினோ இல்லை, அடர்சிவப்புக் கான்ஹிசகுராதான். ஜனவரியில் குளிர் முதலில் இறங்கும் வடக்கு மலைகளில், யாயெதாகே பக்கம், பூக்கத் தொடங்கி நாஹா இருக்கும் தெற்கு நோக்கி இறங்கி வரும்.

பயணத் திட்டத்துக்கு இந்த அறிவு நேரடியாகப் பயன்படும். டோக்கியோவில் பூ உதிர்ந்துவிட்டதா? உயரத்துக்கோ வடக்குக்கோ போங்கள், இல்லையென்றால் வகையை மாற்றுங்கள். 100 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும்; பூப்பு இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும். நாரா மாநிலத்தின் யோஷினோ மலையில் சுமார் 30,000 மரங்கள், பெரும்பாலும் காட்டுச் செர்ரியான யாமாசகுரா. அடிவாரத்தின் 'ஷிமோ சென்பொன்' முதல் உச்சியின் 'ஓகு சென்பொன்' வரை நான்கு அடுக்குகளாக, ஏப்ரல் தொடக்கத்திலிருந்து பூ மேலேறிக்கொண்டே போகும். யாமாசகுராவில் செந்தளிரும் பூவும் ஒன்றாக வருவதால், மலை வெறும் வெண்மையாக இல்லாமல் செம்மை கலந்து தெரியும்.

வடக்கில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அமோரி மாநிலத்தின் ஹிரோசாகி கோட்டைப் பூங்காவைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரல் பிற்பகுதியில் அங்கே சுமார் 2,600 மரங்கள் பூக்கும். செர்ரிக் கிளையை வெட்டக் கூடாது என்பது ஜப்பானில் பழைய நம்பிக்கை. வெட்டுக்காயம் வழியே அழுகல் பூஞ்சை புகுந்து தண்டைக் குடைந்துவிடும். ஹிரோசாகி ஆப்பிள் விளையும் ஊர். ஆப்பிள் மரத்துக்குக் கவாத்து செய்யும் முறையையே சகுராவுக்கும் கொண்டுவந்தார்கள். குளிர்காலக் கடைசியில் கிளைகளை அளவாக வெட்டி, வெட்டிய இடத்தில் பூஞ்சைக்கொல்லிப் பசை பூசி, உரமும் இடுகிறார்கள். சாதாரணமாக ஒரு மொட்டில் மூன்று நான்கு பூக்கள் வரும். இங்கே நான்கு ஐந்து வருகின்றன. 1882இல் நட்ட சோமெய் யோஷினோ இன்றும் பூக்கிறது. இன்னும் வடக்கே, ஹக்கோடாதேயின் நட்சத்திர வடிவக் கோர்யோகாகு கோட்டையிலும் சப்போரோவிலும் ஏப்ரல் இறுதி, மே தொடக்கம்.

வகைகளில் முந்துவது இசு தீபகற்பத்தின் கவாசு சகுரா. பிப்ரவரி முதல் மார்ச் தொடக்கம் வரை ஆற்றங்கரையில் ஏறக்குறைய ஒரு மாதம் நிற்கும். நாள் தவறிவிடுமோ என்று அஞ்சுபவர்களுக்கு இதுதான் பாதுகாப்பான தேர்வு. பிந்துவது பல அடுக்கு இதழ் கொண்ட யாயெசகுரா. ஒசாகா நாணயச் சாலை வளாகத்தில் ஏப்ரல் நடுவில் ஒரு வாரம் மட்டும் திறந்துவிடுகிறார்கள். அண்மைய ஆண்டுகளில் முன்பதிவு இல்லாமல் உள்ளே போக முடிவதில்லை.

மரத்தடியில் நின்று, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அறிய பூவின் நடுவைப் பாருங்கள். பச்சை கலந்த வெண்மையாக இருந்தால் பூ புதிது; மகரந்தக் காம்புகளின் அடி சிவந்திருந்தால் உதிரும் காலம் நெருங்கிவிட்டது. ஐந்து இதழும் பிரியாமல் முழுப் பூவாகக் கீழே கிடந்தால் அது முதுமை இல்லை. சிட்டுக்குருவி தேனுக்காகப் பூவின் அடியைக் கடித்துப் போட்டது. முழு மலர்ச்சிக்குப் பின் குளிர் திரும்பினால் பூ சில நாள் கூடுதலாக நிற்கும். மழையும் காற்றும் சேர்ந்து வந்தால் ஒரே இரவில் கொட்டிவிடும். முன்னறிவிப்பில் மழை தெரிந்தால் முழு மலர்ச்சிக்காகக் காத்திருக்காமல் பாதி விரிந்தபோதே போய்ப் பார்ப்பது நல்லது.