கச்சான் வீசினால் கொச்சிப் பூ ஏன் கொட்டுகிறது?

மட்டக்களப்பில் கல்லடியிலோ நாவற்குடாவிலோ வளவுக்குள் நாலு கொச்சிக்காய்க் (மிளகாய்க்) கன்று வைத்திருப்பவர்களுக்கு ஆனி, ஆடி மாதங்களில் வரும் கவலை இது. கன்று பச்சைப் பசேலென்று நிற்கும், பூவும் நிறைய விடும். விடிய எழும்பிப் பார்த்தால் பூவெல்லாம் காம்போடு மண்ணில் கிடக்கும். பூச்சி என்று நினைத்து மருந்தடிப்போம். அநேகமாகக் காரணம் பூச்சி அல்ல, கச்சான் காற்று.

தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டுத்தான் மட்டக்களப்புப் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடேறும். ஒரு கிலோமீற்றர் இறங்கினால் ஏறக்குறைய 10 பாகை கூடும். அதனால்தான் கச்சான் அனலாகவும் உலர்ந்தும் வீசுகிறது.

கொச்சிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டக்கூடியது. ஆனால் அந்த மகரந்தம் உருவாவது பூ விரிவதற்கு ஏறக்குறைய 2 கிழமைக்கு முன், மொட்டு கடுகளவாக இருக்கும்போது. அந்த நாட்களில் வெயில் 33 பாகையைத் தாண்டிக்கொண்டே இருந்தால் மகரந்தம் மலடாகிவிடும். பூவை உதிராமல் பிடித்து வைப்பது ஒட்சின் என்னும் ஓமோன். கருக்கட்டாத பூவிலிருந்து அது காம்புக்கு வருவது குறைகிறது. பூவை உதிர்க்கும் எதிலீன் வாயுவின் கை ஓங்குகிறது. காம்பின் கணுவில் ஒரு மெல்லிய அடுக்கிலுள்ள கலங்கள் ஒன்றையொன்று விட்டுவிலக, பூ கழன்று விழுகிறது. இன்று விழும் பூவுக்கான காரணம் போன கிழமைகளின் வெக்கைதான். அதனால் இன்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும் அது நிற்காது. சின்ன மொட்டுகளைக் காப்பாற்றலாம்: மேற்குப் பக்கம் ஒரு கிடுகு மறைப்பு, அடியில் சருகோ வைக்கோலோ, காலையில் தண்ணீர். யூரியாவைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். அது இலையை வளர்க்கும், பூவை அல்ல.

இலை சுருண்டால் கதை வேறு. விளிம்பு மேல்நோக்கி வள்ளம் போல மடிந்தால் பேன்பூச்சி. கீழ்நோக்கிக் கவிழ்ந்து, குருத்து குறுகி நின்றால் சிற்றுண்ணி. அது கண்ணுக்கே தெரியாது, வெறும் 0.2 மில்லிமீற்றர். முதலாவதற்கு வேப்பெண்ணெய் உதவும், இரண்டாவதற்குக் கந்தகம். இரண்டையும் 2 கிழமைக்குள் அடுத்தடுத்து அடித்தால் இலை கருகும், கடும் வெயிலிலும் அடிக்க வேண்டாம். இலை மஞ்சளோடி, சுருண்டு, கன்றே குறளாகிவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரசு. மனம் வராவிட்டாலும் பிடுங்கி எரிப்பதுதான் பக்கத்துக் கன்றுக்கு நல்லது.

சரி, காய் பிடித்த பிறகு நுனி கருகுகிறதா? அது காய்க்குக் கல்சியம் போதாததால். கல்சியம் தண்ணீரோடு மட்டுமே மேலே ஏறும், அதுவும் நீரை அதிகம் ஆவியாக்கும் இலைகளுக்கே முதலில் போகும். நம் கடற்கரை மணல் ஊற்றிய தண்ணீரை நிறுத்தி வைக்காது. இரண்டு நாள் விட்டு ஒரேயடியாக ஊற்றுவதை விட, தினமும் அளவாக ஊற்றிப் பாருங்கள். கருகிய காய் தேறாது, அடுத்த பிஞ்சு நன்றாக வரும்.