நெறி பார்க்கும் ஸ்கேனுக்கும் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று பயாப்ஸியில், அதாவது திசுவை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையில் வந்துவிட்டால், ஆபரேஷன் எப்போது என்றுதான் வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். டாக்டரோ முதலில் ஸ்கேன் எடுங்கள் என்பார். இழுத்தடிப்பு மாதிரி தோன்றும், ஆனால் நோய் இடுப்புக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கு, அதாவது நெறிகளுக்குப் போய்விட்டதா என்று தெரியாமல் வைத்தியத்தை முடிவு செய்ய முடியாது. 2018 முதல் உள்ள உலகளாவிய வகைப்பாட்டின்படி, கட்டி சிறியதாகவே இருந்தாலும் நெறியில் நோய் இருந்தால் அது 3சி நிலை. இடுப்பு நெறி என்றால் 3சி1, அதற்கு மேலே பெருந்தமனி ஓரத்து நெறி என்றால் 3சி2. அப்போது பெரும்பாலும் கத்தி வேண்டாம், கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பதும் கூடவே கீமோவும்தான். எந்த உயரம் வரை கரண்ட் வைப்பது என்பதும் இதைப் பொறுத்ததே.

சிடி, எம்ஆர்ஐ இரண்டும் நெறியை முக்கியமாக அளவை வைத்துத்தான் சந்தேகப்படும், 1 செ.மீ.க்கு மேல் வீங்கியிருந்தால். பெட் சிடி, புற்றுநோய் போலச் சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடத்தைக் காட்டும். மிகச் சிறிய நோய்ப் படிவுகள் அதற்கும் தப்பும்.

சரி, காசு? தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சையோடு சில பரிசோதனைகளுக்கும் உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இது கையில் காசு கொடுக்காமல் பார்த்துக்கொள்ளும் திட்டம், அதனால் அவசரத்தில் வெளியே ஸ்கேன் எடுத்துவிட்டு ரசீதோடு வந்து நிற்காதீர்கள். டாக்டர் எழுதிய சீட்டுடன் மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டருக்குப் போய், இந்த ஸ்கேன் திட்டத்தில் வருமா, எங்கே எடுக்கலாம், முன் அனுமதி வந்துவிட்டதா என்று மூன்றையும் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993, கட்டணமில்லை.

பெட் சிடிக்குக் கிட்டத்தட்ட 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். சர்க்கரை நோய் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். சர்க்கரை போன்ற மருந்தை ஊசியில் போட்டு ஒரு மணி நேரம் போல உட்கார வைப்பார்கள், அப்புறம் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். மருந்து மூத்திரப்பையில் சேர்ந்து பக்கத்திலிருக்கும் கர்ப்பப்பை வாயை மறைத்துவிடும் என்பதால்தான் அது.

ரிப்போர்ட்டில் 3சி1 பக்கத்தில் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் ஸ்கேனில் தெரிந்தது, 'பி' என்றால் திசுவை எடுத்துப் பார்த்தது.

வெளியூர் போக வேண்டியிருந்தால் ரயிலிலும் சலுகை உண்டு. மருத்துவமனைச் சான்றைக் காட்டினால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு டிக்கெட் இலவசம், துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.