நெட்டா, செட்டா, பிஎச்டியா? காலேஜ் வாத்தியார் வேலைக்கு என்ன தகுதின்னு ஒரு தடவ தெளிவா பாத்துடலாம்

எங்க அத்தை பொண்ணு நெட் (காலேஜ் வாத்தியார் வேலைக்கு தேசிய அளவுல நடக்குற தகுதித் தேர்வு) ரிசல்ட் வந்த அன்னிக்கு தெருவுக்கே மைசூர்பா குடுத்துட்டா, ஒரு வாரம் கழிச்சு ஸ்கோர் கார்டை பிரிண்ட் எடுத்து எங்கிட்ட காட்டுறா, அதுல கீழ சின்னதா பிஎச்டி அட்மிஷனுக்கு மட்டும் தகுதின்னு போட்டிருக்கு. அதாவது அசிஸ்டன்ட் ப்ரொஃபசர் வேலைக்கு அவ நெட் பாஸ் ஆகல. இத அவகிட்ட சொல்றதுக்குள்ள எனக்கு நாக்கு வறண்டு போச்சு.

2024 ஜூன் எக்ஸாம்ல இருந்துதான் இந்தக் குழப்பம். அதுக்கு முன்னாடி நெட்டுன்னா ரெண்டே ரிசல்ட், ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி பண்ண பணம் தர்ற ஃபெல்லோஷிப்) கிடைக்கும், இல்லன்னா அசிஸ்டன்ட் ப்ரொஃபசர் தகுதி மட்டும் கிடைக்கும். இப்ப மூணு கேட்டகரி. முதலாவது ஜேஆர்எஃப், அதுல வந்தா வேலைக்கும் தகுதி, பிஎச்டிக்கும் தகுதி, மாசாமாசம் ஃபெல்லோஷிப் வேற. ரெண்டாவது அசிஸ்டன்ட் ப்ரொஃபசர் தகுதியும் பிஎச்டி அட்மிஷனும். மூணாவது வெறும் பிஎச்டி அட்மிஷன். இந்த மூணாவத காட்டி எந்தக் காலேஜ்லயும் வேலைக்கு அப்ளை பண்ண முடியாது, பிஎச்டி சேர அந்த மார்க்க வச்சுக்கலாம், அதுவும் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். ரெண்டாவது கேட்டகரில வந்தவங்களுக்கும் பிஎச்டி அட்மிஷன் பக்கம் ஒரு வருஷக் கணக்குதான், ஆனா வேலைக்கான தகுதி ஆயுசுக்கும் இருக்கும். அதனால "நெட் பாஸ்"னு யாராவது சொன்னா எந்த கேட்டகரின்னு கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

சரி அடிப்படைக்கு வருவோம். ஆர்ட்ஸ், சயின்ஸ், காமர்ஸ் காலேஜ்கள், யுனிவர்சிட்டி டிபார்ட்மென்ட்கள் எல்லாத்துக்கும் இப்ப ரூல் புக்குன்னா யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018 ஜூலை 18 அன்னிக்கு கெசட்ல போட்ட ரெகுலேஷன்தான். அதுபடி அசிஸ்டன்ட் ப்ரொஃபசர் ஆக சம்பந்தப்பட்ட சப்ஜெக்ட்ல பிஜி வேணும், குறைஞ்சது 55 பர்சன்ட் வேணும், அதுக்கு மேல நெட் இல்லன்னா மாநில அளவுல நடக்குற செட் பாஸ் பண்ணிருக்கணும். முறைப்படி பிஎச்டி முடிச்சவங்களுக்கு அந்த நெட், செட்ல இருந்து விலக்கு உண்டு. விஷயம் இவ்வளவுதான், ஆனா இந்த நாலு வரிக்குள்ளதான் ஆயிரம் பேரோட வாழ்க்கை சிக்கிக்கிடக்கு.

மொதல்ல அந்த 55. எஸ்சி, எஸ்டி, க்ரீமி லேயர்ல வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகள் இவங்களுக்கு 5 பர்சன்ட் தளர்வு, அதாவது 50 போதும்னு யுஜிசி சொல்லுது. ஆனா தமிழ்நாட்டு அரசு காலேஜுக்கு ஆள் எடுக்குற டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) ஒவ்வொரு தடவையும் தன்னோட நோட்டிஃபிகேஷன்ல யார் யாருக்கு 50ன்னு தனியா போடும், அப்ளை பண்ணும்போது அதத்தான் பாக்கணும், சீனியர் அக்கா சொன்னாங்க, டீக்கடைல பேசிக்கிட்டாங்கன்னு போய் நிக்கக்கூடாது. இன்னொண்ணு நெறைய பேருக்கு தெரியாது, யுனிவர்சிட்டி கருணை காட்டி போட்ட க்ரேஸ் மார்க்க சேத்துத்தான் உங்களுக்கு 55 வருதுன்னா அது கணக்குல வராது, ரெகுலேஷன்லயே அப்படித்தான் எழுதியிருக்கு. 54.8 எடுத்துட்டு ரவுண்ட் பண்ணுவாங்கன்னு நம்பி உக்காந்திருந்த ஒருத்தர எனக்குத் தெரியும், அவரு கடைசில இன்னொரு பிஜி படிச்சாரு.

அடுத்து நெட். வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஜூன்லயும் டிசம்பர்லயும். முன்னாடி சிபிஎஸ்இ நடத்திச்சு, 2018 டிசம்பர்ல இருந்து என்டிஏங்கற தேசியத் தேர்வு முகமை நடத்துது. பேப்பர் ஒண்ணுல 50 கேள்வி, பேப்பர் ரெண்டுல 100 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 2 மார்க், மொத்தம் 300, ரெண்டும் சேத்து மூணு மணி நேரம், தப்புக்கு மார்க் போகாது. ஜெனரல்ல 40 பர்சன்ட், ரிசர்வ்டுல 35 பர்சன்ட் எடுத்துட்டா பாஸ்னு நினைச்சுடாதீங்க, அது வாசக்கதவு மட்டும்தான், எழுதுனவங்கள்ல 6 பர்சன்ட் பேருக்குத்தான் தகுதி குடுப்பாங்க, கட் ஆஃப் அதுக்கேத்த மாதிரி ஏறும் இறங்கும். நான் நாலு தடவ எழுதுனவன், ஒரு தடவ நாலே நாலு மார்க்ல போச்சு, அத பத்தி பேசுனா ராத்திரி ஆயிடும். ஜேஆர்எஃப்புக்கு வயசு வரம்பு உண்டு, அசிஸ்டன்ட் ப்ரொஃபசர் தகுதிக்கு கிடையாது, 45 வயசுலயும் எழுதலாம். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், லைஃப் சயின்ஸ்காரங்களுக்கு சிஎஸ்ஐஆர் நெட்டுன்னு தனியா இருக்கு, அதுல தப்புக்கு மார்க் கழிப்பாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் யுஜிசி நெட்லயே வரும்.

2024 ஜூன் 18 அன்னிக்கு நடந்த எக்ஸாம மறுநாளே கேன்சல் பண்ணி திரும்ப ஆகஸ்ட் கடைசில இருந்து செப்டம்பர் மொத வாரம் வரைக்கும் நடத்துனாங்க, ஞாபகம் இருக்கும். பஸ் ஏறி வேற ஊர் சென்டருக்குப் போய் எழுதிட்டு வந்தவங்க வயித்தெரிச்சல் சும்மா விடாது.

செட்டுங்கறது மாநில அளவுல நடக்குற எக்ஸாம், யுஜிசி அனுமதியோட நடக்கும். தமிழ்நாட்டுல கொடைக்கானல் அன்னை தெரசா பெண்கள் பல்கலைக்கழகம் கொஞ்ச வருஷம் நடத்திச்சு, 2018க்கு அப்புறம் பல வருஷம் எக்ஸாமே இல்ல, அப்புறம் 2024ல மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அறிவிச்சாங்க, தள்ளிப்போச்சு, கடைசில டிஆர்பி கைக்கு மாறி 2025 மார்ச்லதான் கம்ப்யூட்டர்ல நடந்துச்சு. செட்ல ஒரு சிக்கல், 2002 ஜூன் 1க்கு அப்புறம் நடந்த செட்டுன்னா அந்த மாநிலத்துக்குள்ள மட்டும்தான் செல்லும். தமிழ்நாடு செட் வச்சுக்கிட்டு பெங்களூர் காலேஜ்ல நிக்க முடியாது, அங்க கே-செட் வேணும் இல்லன்னா நெட் வேணும். 2002க்கு முன்னாடி பாஸ் பண்ண பெரியவங்களுக்கு இந்தியா பூரா செல்லும்.

இப்ப பிஎச்டி. இங்கதான் ரொம்ப நாளா இழுபறி. 2018 ரெகுலேஷன்ல என்ன சொன்னாங்கன்னா, 2021 ஜூலைல இருந்து யுனிவர்சிட்டி டிபார்ட்மென்ட்ல அசிஸ்டன்ட் ப்ரொஃபசர் ஆகணும்னா பிஎச்டி கட்டாயம்னாங்க. கொரோனா வந்துச்சு, 2023 ஜூலை வரைக்கும் தள்ளி வச்சாங்க. அந்த தேதி வந்ததும் ரூலையே மாத்திட்டாங்க, எல்லா உயர்கல்வி நிறுவனத்துக்கும் நெட், செட், ஸ்லெட் (செட்டோட இன்னொரு பேரு) இதுதான் குறைஞ்சபட்ச தகுதின்னு 2023 ஜூலை 1ல இருந்து திருத்தம். ஆக யுனிவர்சிட்டில சேரவும் பிஎச்டி இல்லாம நெட்டோட அப்ளை பண்ணலாம். இன்னும் சில பேர் யுனிவர்சிட்டிக்கு பிஎச்டி கட்டாயம்னு வாட்ஸப்ல பழைய கட்டிங்க அனுப்பிட்டே இருக்காங்க.

பிஎச்டி இருந்தா நெட் வேணாம்ங்கறதும் எல்லா பிஎச்டிக்கும் இல்ல. 2009 இல்லன்னா அதுக்கப்புறம் வந்த யுஜிசி பிஎச்டி ரெகுலேஷன்படி, கோர்ஸ்வொர்க் எல்லாம் முடிச்சு வாங்குனதா இருக்கணும், யுனிவர்சிட்டி அப்படித்தான் குடுத்தோம்னு தனியா ஒரு சர்டிஃபிகேட் தரும், டிகிரி வாங்குற அன்னிக்கே அத கேட்டு வாங்கி வைங்க, அஞ்சு வருஷம் கழிச்சு போனா செக்‌ஷன்ல இருந்தவரே ரிட்டயர் ஆயிருப்பாரு. 2009 ஜூலை 11க்கு முன்னாடி பிஎச்டிக்கு பதிவு பண்ணவங்களுக்கு அஞ்சு கண்டிஷன்: ரெகுலர் மோட்ல பண்ணிருக்கணும், தீசிஸ குறைஞ்சது ரெண்டு வெளி எக்ஸாமினர் பாத்திருக்கணும், ஓப்பன் வைவா, அதாவது எல்லார் முன்னாடியும் வாய்மொழித் தேர்வு, நடந்திருக்கணும், ரெண்டு பேப்பர் பப்ளிஷ் பண்ணி அதுல ஒண்ணாவது ரெஃப்ரீட் ஜர்னல்ல (நிபுணர்கள் சரிபாத்து போடுற ஆய்விதழ்) இருக்கணும், செமினார்ல ரெண்டு பேப்பர் படிச்சிருக்கணும், இத ரெஜிஸ்ட்ராரோ டீனோ கையெழுத்து போட்டு தரணும். தொலைதூரக் கல்வில வாங்குன பிஎச்டி இந்தப் பக்கமே வரக்கூடாது.

எம்ஃபில் (பிஜிக்கும் பிஎச்டிக்கும் நடுவுல இருந்த ஆராய்ச்சிப் படிப்பு) முடிச்சவங்க கதைதான் எனக்கு ரொம்ப வருத்தம். 2006ல யுஜிசி என்ன பண்ணுச்சு, எம்ஃபில் இருந்தா யுஜி வகுப்பு எடுக்க நெட் தேவையில்லன்னுச்சு, உடனே ஊருக்கு ஊர் எம்ஃபில், தொலைதூரத்துல எம்ஃபில், லீவுல எம்ஃபில். 2009ல அந்த விலக்க எடுத்துட்டாங்க. கேஸ் போட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2015 மார்ச்ல யுஜிசி பண்ணது சரிதான்னு தீர்ப்பு வந்துடுச்சு. கடைசில 2022 நவம்பர்ல வந்த பிஎச்டி ரெகுலேஷன்ல எம்ஃபில்லயே நிறுத்திட்டாங்க. ஏற்கனவே முடிச்சவங்க டிகிரி செல்லும், ஷார்ட்லிஸ்ட்ல கொஞ்சம் மார்க் கிடைக்கும், ஆனா எம்ஃபில் மட்டும் வச்சுக்கிட்டு வேலைக்கு தகுதி கிடையாது. யாராவது இப்பவும் எம்ஃபில் அட்மிஷன் போடுறோம்னு சொன்னா பீஸ் கட்டாதீங்க.

தகுதி வேற செலக்‌ஷன் வேற, இத புரிஞ்சுக்கிட்டா பாதி டென்ஷன் குறையும். யுஜிசி ரெகுலேஷன்ல காலேஜுக்கு ஒரு மார்க் டேபிள், யுனிவர்சிட்டிக்கு ஒரு டேபிள் இருக்கு, ரெண்டும் நூறுக்கு. காலேஜ் டேபிள்ல யுஜி 80க்கு மேலன்னா 21, பிஜி 80க்கு மேலன்னா 25, பிஎச்டிக்கு 25, ஜேஆர்எஃப்புக்கு 10, வெறும் நெட்டுக்கு 8, செட்டுக்கு 5, ஆராய்ச்சிப் பேப்பருக்கு ரெண்டு ரெண்டா அதிகபட்சம் 6, சர்வீஸ் வருஷத்துக்கு 2ன்னு அதிகபட்சம் 10, அவார்டுக்கு 3. யுனிவர்சிட்டி டேபிள்ல யுஜிய 15ஆ குறைச்சு பிஎச்டிய 30ஆ, பேப்பர 10ஆ ஏத்தியிருப்பாங்க. படிக்கும்போது செகண்ட் இயர்ல அரியர் வச்சவனுக்கு இந்த டேபிள பாத்தா அப்பதான் உறைக்கும். இதுல இன்னொரு கூத்து, இந்த நூறும் இன்டர்வியூக்கு கூப்பிடத்தான், இன்டர்வியூ ஹாலுக்குள்ள போனதும் அந்த மார்க் வாசல்லயே நின்னுடும், செலக்‌ஷன் இன்டர்வியூவ மட்டும் வச்சுத்தான்னு ரெகுலேஷன் சொல்லுது. இது நியாயமான்னு கேட்டா எனக்கு இல்லன்னுதான் தோணுது, ஏன்னு வேலை தேடி அலைஞ்ச யாரையும் கேட்டா சொல்லுவாங்க.

தமிழ்நாட்டு அரசு காலேஜுக்கு டிஆர்பிதான் ஆள் எடுக்கும், 2024 மார்ச்ல 4000 போஸ்ட்டுன்னு நோட்டிஃபிகேஷன் விட்டப்போ எழுத்துத் தேர்வு முறைய கொண்டு வந்தாங்க. சம்பளம் லெவல் 10, ஆரம்ப பேசிக் 57,700.

எக்ஸ்பீரியன்ஸ் பத்தி ஒண்ணு சொல்லணும். பிஎச்டி பண்ண லீவு போட்டுட்டு போன வருஷங்கள சர்வீஸா காட்ட முடியாது, வேலைல இருந்துக்கிட்டே லீவு போடாம பண்ணா அந்த சர்வீஸ் செல்லும். தகுதி வர்றதுக்கு முன்னாடி வேலை பாத்த வருஷத்தையும் டிஆர்பி கணக்குல எடுக்காது, அதாவது 2015ல பிஜியோட சேந்து 2021ல நெட் பாஸ் பண்ணா 2021ல இருந்துதான் எண்ணணும். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டுல ஆர்ஜேடி (கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர்) ஆபீஸ் கவுன்டர் சைன் வேணும், அங்க கடைசி வாரத்துல போனா க்யூ எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது.

மேல் பதவிக்கு சுருக்கமா சொல்லிடறேன். அசோசியேட் ப்ரொஃபசருக்கு நேரடியா வர பிஎச்டி, 8 வருஷ அனுபவம், 7 பேப்பர், ரிசர்ச் ஸ்கோர் (ஆராய்ச்சி வேலைக்கு யுஜிசி முறைல போடுற மார்க்) 75. ப்ரொஃபசருக்கு 10 வருஷம், 10 பேப்பர், ஸ்கோர் 120. காலேஜ் ப்ரின்சிபாலுக்கு 15 வருஷ சர்வீஸ், 10 பேப்பர், ஸ்கோர் 110, பதவிக்காலம் 5 வருஷம், இன்னொரு தடவ நீட்டிக்கலாம்.

இன்ஜினியரிங் காலேஜுக்கு இதெல்லாம் பொருந்தாது, அங்க ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) ரூல், பிஇ எம்இ ரெண்டுல ஒண்ணுல ஃபர்ஸ்ட் கிளாஸ் இருந்தா அசிஸ்டன்ட் ப்ரொஃபசர், நெட் கேக்க மாட்டாங்க.

2025 ஜனவரில யுஜிசி ஒரு புது டிராஃப்ட் விட்டுச்சு, பிஜி ஒரு சப்ஜெக்ட்ல இருந்தாலும் நெட் வேற சப்ஜெக்ட்ல எழுதி அந்த சப்ஜெக்ட் வாத்தியார் ஆகலாம், எம்இ எம்டெக் இருந்தா நெட் இல்லாமலே வரலாம்னு எல்லாம் அதுல இருந்துச்சு. துணைவேந்தர் நியமன முறைய மாத்துற பகுதிக்கு எதிரா தமிழ்நாடு சட்டமன்றம் ஜனவரி 9ல தீர்மானம் போட்டுச்சு. டிராஃப்ட்டுங்கறது டிராஃப்ட்டுதான், அத நம்பி காமர்ஸ் முடிச்சுட்டு எகனாமிக்ஸ் நெட்டுக்கு படிக்க ஆரம்பிச்சா உங்க ரிஸ்க், கெசட்ல வந்ததுக்கு அப்புறம்தான் அது ரூல்.

கடைசியா கெஸ்ட் லெக்சரர், கான்ட்ராக்ட் விஷயம். தகுதில இவங்களுக்கு சலுகை இல்ல, ரெகுலர் ஆளுக்கு என்ன தகுதியோ அதேதான். ஆனா சம்பளம்? கான்ட்ராக்ட் ஆளுங்க மொத்தத்துல 10 பர்சன்ட்டுக்கு மேல போகக்கூடாது, அவங்களுக்கு ரெகுலர் அசிஸ்டன்ட் ப்ரொஃபசரோட மாச சம்பளத்துக்கு குறையாம குடுக்கணும்னு 2018 ரெகுலேஷன்லயே இருக்கு. கெஸ்ட் ஃபேகல்ட்டிக்கு ஒரு லெக்சருக்கு 1500, மாசத்துக்கு அதிகபட்சம் 50,000ன்னு 2019 ஜனவரில யுஜிசி தனியா சொல்லியிருக்கு. நான் மொதமொத சேந்த தனியார் காலேஜ்ல எனக்கு குடுத்தது 9,000, அதுலயும் மே மாசம் சம்பளம் கிடையாது. தகுதி கேக்கும்போது மட்டும் யுஜிசி நார்ம்ஸ்னாங்க.

அத்தை பொண்ணு இப்ப டிசம்பர் எக்ஸாமுக்கு படிச்சுட்டு இருக்கா, பேப்பர் ஒண்ணுல டேட்டா இன்டர்ப்ரடேஷன்தான் அவளுக்கு வர மாட்டேங்குது, தினம் சாயந்தரம் எங்க வீட்டு மொட்டைமாடில உக்காந்து பத்து கணக்கு போடுறோம்.