எலிக்கு வந்த கட்டி நமக்கும் வருமா?

முதுகெலும்பு முறிந்து வந்த ஒரு அம்மாவுக்கு டெரிபாராடைட் ஊசி எழுதிக் கொடுத்தேன். எலும்பை வளர்க்கிற மருந்து, தினமும் ஒரு ஊசி. மூன்றாவது வாரம் மகள் வந்து, மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை என் மேசைமேல் விரித்தார். "டாக்டர், இதைப் போட்ட எலிக்கு எலும்புல கேன்சர் வந்திருக்காம். அம்மாவுக்கு ஏன் கொடுத்தீங்க?" ஊசியை அவர்களாகவே நிறுத்தி நான்கு நாள் ஆகியிருந்தது.

நியாயமான கேள்விதான். எழுதிக் கொடுத்த அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும்.

நீண்ட காலம் எடுக்கிற மருந்துகளை எலிகளுக்கு இரண்டு வருடம் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். எலியின் ஆயுளே ஏறக்குறைய அவ்வளவுதான். அளவும் பெரும்பாலும் நாம் எடுப்பதைவிடப் பல மடங்கு. சில நூறு எலிகளை வைத்துக்கொண்டு ஆபத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமே, அதனால் தெரிந்தேதான் அப்படிக் கொடுக்கிறார்கள். எனவே கட்டி வந்தது என்று படித்ததும் நான் தேடுவது, அது எந்த வழியாக வந்தது, அதே வழி மனித உடம்பில் உண்டா என்பதைத்தான்.

டெரிபாராடைட்டை எலிகளுக்கு இளம் பருவத்திலிருந்தே கிட்டத்தட்ட ஆயுள் முழுக்கப் போட்டார்கள். எலிக்கு எலும்பு வளர்ச்சி வயதான பிறகும் நம்மைப்போல நின்றுவிடுவதில்லை. நம்மிடம் வருகிறவர்களோ வயதான காலத்தில், வழக்கமாக இரண்டு வருடத்துக்கு மேல் போகாமல் போட்டுக்கொள்கிறார்கள். 2002இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிட்டிருந்தார்கள். வருடக்கணக்கில் கண்காணித்தும் மனிதர்களிடம் எலும்புப் புற்று கூடவில்லை என்பதால் 2020இல் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். எலி பற்றிய வரி மட்டும் தாளில் இன்னும் இருக்கிறது. எலும்பில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களுக்கும் எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் இன்றும் நான் இதை எழுதுவதில்லை.

வலிப்புக்குத் தரும் பீனோபார்பிட்டால் சுண்டெலிக்கு ஈரலில் கட்டி வரவழைக்கும். பல பத்தாண்டுகளாக அதை விழுங்கிவரும் வலிப்பு நோயாளிகளிடம் அப்படித் தெளிவாக எதுவும் தென்படவில்லை. சர்க்கரை நோய்க்கும் எடை குறைக்கவும் தரும் லிராகுளுடைடு, செமாகுளுடைடு ஊசிகள் எலிக்குத் தைராய்டில் ஒருவகைக் கட்டியை உண்டாக்கின. அந்த மருந்து போய் ஒட்டும் ஏற்பிகள் எலியின் தைராய்டில் உள்ள சி செல்கள் என்ற செல்களில் ஏராளம், நம் சி செல்களில் மிகக் குறைவு. ஆனாலும் அந்தச் செல்களில் வரும் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்று வீட்டில் யாருக்காவது வந்ததுண்டா என்று கேட்காமல் நான் அந்த ஊசியைத் தொடமாட்டேன். நீங்களும் கேட்கும்வரை காத்திராமல் சொல்லிவிடுங்கள்.

"எலிதானே, விடுங்க" என்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் லார்கசெரின் கதையைச் சொல்வேன். எடை குறைக்கும் மாத்திரை. எலிகளுக்கு மார்பில் கட்டி வந்தது அனுமதிக்கு முன்பே தெரியும். மனிதருக்குப் பொருந்தாது என்று முடிவு செய்து 2012இல் விற்பனைக்கு விட்டார்கள். பிறகு சுமார் 12,000 பேரை வைத்து நடந்த ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் 7.7 சதவீதம் பேருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 7.1 சதவீதம் பேருக்கும் புற்றுநோய் வந்தது. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் எடை குறைப்பதற்காக யார் அதைச் சுமப்பார்கள்? 2020இல் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். அதிலும் கூடுதலாகத் தெரிந்தவை கணையம், பெருங்குடல், நுரையீரல் புற்றுகள். மார்பு அந்த வரிசையில் இல்லை.

டாமாக்சிஃபெனிலும் இப்படித்தான். எலிக்கு ஈரலில் கட்டி, பெண்களுக்கோ கருப்பையின் உள்சவ்வில் புற்று வரும் வாய்ப்புக் கூடியது. மார்பகப் புற்று மறுபடி வராமல் தடுப்பதில் அதற்கு இருக்கும் பலன் பெரியது என்பதால், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு வந்தால் உடனே வாருங்கள் என்று சொல்லித்தான் இன்றும் தருகிறோம்.

சரி, அந்த அம்மா விஷயத்துக்கு வருவோம். முன்பு கதிர்வீச்சு எடுத்ததில்லை, எலும்புக்குப் பரவிய புற்றும் இல்லை. முதுகில் இன்னொரு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதையும் மகளிடம் சொன்னேன். அன்று மாலையே ஊசியை மறுபடி ஆரம்பித்தார்கள். அதன்பிறகு யாருக்கு இந்த மருந்தை எழுதினாலும், தாளை நானே விரித்து அந்த எலி வரியில் விரலை வைத்துக் காட்டிவிடுகிறேன்.