பொழுது சாய்ந்தால் ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர்

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து உயர்தரம் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வீட்டு டெஸ்க்டொப் கம்ப்யூட்டர் காலையில் எவ்வளவு நேரம் ஓடினாலும் ஒன்றும் ஆவதில்லையாம். மாலை ஆறரைக்கு மேல் வீடியோ எடிட் பண்ண உட்கார்ந்தால் மட்டும் பட்டென்று அணைந்து, தானாகவே திரும்ப எழும்புகிறதாம். கடையில் கொடுத்து விண்டோஸ் மாற்றிப் பார்த்தாயிற்று. பாட்டி எலுமிச்சங்காயும் மிளகாயும் கோத்து மொனிட்டரில் தொங்கவிட்டிருக்கிறார். பலன் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பாட்டியின் மேல் எனக்குக் கோபமில்லை, எலுமிச்சங்காய் மலிவு. எந்த நோயென்றாலும் 'ஃபோர்மட் அடித்துத் தருகிறோம்' என்கிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய மூடநம்பிக்கையாகத் தெரிகிறது, அதற்குக் காசும் கேட்கிறார்கள். நேரம் பார்த்து வரும் கோளாறென்றால் அந்த நேரத்தில் வேறென்ன மாறுகிறது என்றல்லவா முதலில் பார்க்க வேண்டும்?

வழக்கமான சந்தேக நபர்களை வேகமாகக் கழித்துவிடுவோம். சூடு: மலையில் குளிர்தானே என்று நினைக்கக் கூடாது, 1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, மெலிந்த காற்று சூட்டையும் குறைவாகத்தான் அள்ளிக்கொண்டு போகும், ஆகவே காற்றாடியில் தூசு அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். ரேம்: கழற்றி, தங்க நிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டுங்கள். அப்புறம் நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து, அணைந்த நேரத்தில் 'கேர்னல் பவர் 41' என்ற பதிவு இருக்கிறதா, அதற்குள் 'பக்செக் கோட்' என்ற இடத்தில் 0 என்று இருக்கிறதா பாருங்கள். 0 என்றால், தான் தடுக்கி விழும்போது காட்டும் நீலத் திரையைக் காட்டக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். மென்பொருள் தடுக்கி விழவில்லை, காலடியில் மின்சாரமே விலகியிருக்கிறது.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன், சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றதாக மாற்றிக் கொடுக்கும் பெட்டியான பவர் சப்ளை. சுவரிலிருந்து வருவது 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். அதன் உச்சி 230ஐ 1.414ஆல் பெருக்கினால் வரும் 325 வோல்ற்று. ஆடலோட்டம் செக்கனுக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொட்டுப் போகிறது, அந்த நேரங்களிலெல்லாம் கம்ப்யூட்டருக்கு மின்சாரமே இல்லை! நாம் அதை உணராததற்குக் காரணம் சப்ளைக்குள் நிற்கும் கட்டைவிரலைவிடப் பருத்த ஒரு கொள்ளளவி, அதாவது மின்னைச் சேமித்து வைக்கும் கபாசிட்டர். 10 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை உச்சி வரும்போது அது நிரம்பிக்கொள்ளும், நடுவில் ஏறத்தாழ 8 மில்லிசெக்கன் தன்னிடமிருப்பதைக் கொண்டே மொத்தக் கம்ப்யூட்டரையும் சுமக்கும். தண்ணீர் விட்டு விட்டு வரும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேலே வைத்த தாங்கி மாதிரிதான்.

ஆனால் இந்தத் தாங்கியில் ஒரு விசித்திரம் உண்டு. சேமித்த சக்தி வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும், ½CV² பாடசாலையிலேயே படித்திருப்பீர்கள் (C கொள்ளளவம், V வோல்ற்றளவு). கொள்ளளவி 330 மைக்ரோபரட்டு என்று வைப்போம். 325 வோல்ற்றில் அதில் 17.4 யூல் இருக்கும். ஆனால் ஏறத்தாழ 200 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் சப்ளையால் வேலை செய்ய முடியாது என்று கொண்டால், அடியில் கிடக்கும் 6.6 யூல் உதவாது, கையில் மிச்சம் 10.8 யூல். வீடியோ எடிட் ஓடும்போது சுவரிலிருந்து 250 வாட் இழுத்தால் அந்த 8 மில்லிசெக்கனுக்குத் தேவை 2 யூல்தான், தாராளம்.

இப்போது சுவரில் 170 வோல்ற்றுதான் வருகிறது என்று வையுங்கள். உச்சி 240. மொத்தம் 9.5 யூல், அடியில் உதவாத 6.6 போனால் மிச்சம் வெறும் 2.9. வோல்ற்றளவு கால்பங்குதான் குறைந்தது, பயன்படும் சக்தியோ நாலில் ஒன்றாகிவிட்டது! இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

2.9 இருந்தாலும் 2 போதுமே என்பீர்கள். சரி, புதுக் கொள்ளளவி என்றால் போதும். அதற்குள் சுருட்டி வைத்திருப்பது அலுமினியத் தாள், அதன் மேல் ஒரு மைக்ரோமீற்றரைவிட மெல்லிய ஒட்சைட்டுப் படை, அதை ஒட்டி மின்பகுதிரவத்தில் ஊறிய காகிதம். ஒட்சைட்டில் சிறு ஓட்டை விழுந்தால் அந்தத் திரவமே அலுமினியத்தோடு சேர்ந்து புது ஒட்சைட்டை வளர்த்து ஓட்டையை அடைத்துவிடும், தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் உதிரிப்பாகம் இது. அந்த வேலையில் கொஞ்சம் நீர் செலவாகி ஐதரசன் வாயு வரும், வருடக்கணக்கில் றப்பர் அடைப்பு வழியாகத் திரவமும் கசிந்து உலரும். கொள்ளளவம் 60 வீதமாக இறங்கினால் 2.9 யூல் 1.7 ஆகிறது. தேவை 2. முடிந்தது கதை.

அந்தக் கடைசி நொடியிலும் சப்ளை ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறது. சாம்பல் நிறக் கம்பியொன்றில் 5 வோல்ற்றைக் கொடுத்து 'எல்லாம் நலம்' என்று மதர்போர்டுக்குச் சொல்லிக்கொண்டேயிருக்கும். மின்சாரம் தளர்ந்தால் அந்த 5 வோல்ற்றை எடுத்துவிடும், மதர்போர்டு உடனே புரோசஸரை ரீசெட்டில் நிறுத்தும். அரைகுறை வோல்ற்றில் தப்புக் கணக்குப் போட்டு ஹார்ட் டிஸ்க்கைப் பாழாக்குவதைவிட அணைவது மேல் என்ற ஏற்பாடு. அடுத்த உச்சியில் சப்ளை தேறிவிட்டால் சமிக்ஞையும் திரும்பும், கம்ப்யூட்டரும் எழும்பும். தங்கச்சி பார்ப்பது இதைத்தான் என்பது என் ஊகம்.

ஆறரை மணிக்கு ஏன்? ட்ரான்ஸ்ஃபோமருக்குத் தூரத்தில், நீண்ட கம்பியின் கடைக்கோடியில் இருக்கும் லயங்களில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ரைஸ் குக்கரும் கேத்தலும் ஓடினால், ஓமின் விதிப்படி கம்பியிலேயே வோல்ற்றளவு இறங்கிவிடும். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துத் தண்ணீர் கெனியன், புதிய லக்ஷபான மின்நிலையங்களில் மின்சாரமாவது மஸ்கெலியாவிலிருந்து தூரமில்லை, ஆனால் அது உயரழுத்தக் கம்பியேறிப் போய்விட்டு இறங்கித்தான் வீட்டுக்கு வருகிறது, பக்கத்து வீட்டுக்காரர் என்ற சலுகை கிடையாது. விதிப்படி வரவேண்டியது 230 வோல்ற்று, 6 வீதம் கூடக் குறைய, அதாவது 216க்குக் கீழே போகக் கூடாது. சொக்கெட்டில் செருகினால் எண் காட்டும் சிறிய மீற்றர் கடைகளில் கிடைக்கும், ஒரு வாரம் மாலையில் எழுதி வையுங்கள், முறைப்பாடு செய்ய அந்தத் தாள் உதவும். தோட்டப் பாடசாலைகளுக்குப் பெரிய திரைகள் கொடுத்து ரிபன் வெட்டும் காசில் இந்த மீற்றர்களை வாங்கிக் கொடுத்தால், மலையகத்தின் வோல்ற்றளவு வரைபடத்தைப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

யூபிஎஸ் வாங்கினால் சரியாகுமா என்று அடுத்த கேள்வி வரும். சாதாரண யூபிஎஸ் பற்றரிக்கு மாறவே சில மில்லிசெக்கன், சிலவற்றில் 10 வரைகூட எடுக்கும், அந்த இடைவெளியைச் சுமக்க வேண்டியதும் அதே உலர்ந்த கொள்ளளவிதான். யூபிஎஸ் இருந்தும் ரீஸ்டார்ட் ஆகும் வீடுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

ஆகவே பவர் சப்ளையை மாற்றுங்கள். அதைத் திறந்து பார்க்கவே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே அந்த 325 வோல்ற்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம். பழைய சப்ளைகளின் பின்னாலிருக்கும் 115/230 சிவப்பு சுவிட்சையும் தொட வேண்டாம், 115இல் வைத்து 230 கொடுத்தால் வெடிக்கும். கடையில் 'எக்டிவ் பிஎஃப்சி' உள்ளதா என்று கேளுங்கள், லேபலில் உள்ளீடு 100-240 என்று இருக்க வேண்டும். அந்த வகை, சுவரில் 170 வந்தாலும் 230 வந்தாலும் தன் கொள்ளளவியை ஏறத்தாழ 380 வோல்ற்றுக்கு உயர்த்தியே வைத்திருக்கும். அதை மாட்டியும் நிற்கவில்லையென்றால் மதர்போர்டில் புரோசஸரைச் சுற்றியிருக்கும் சிறு கொள்ளளவிகளின் தலையைப் பாருங்கள், தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் மாற்ற வேண்டியது மதர்போர்டு.