பாலை நிறுத்துவது யார்?

ரப்பர் மரத்தில் பால் வெட்ட ரோபோ வந்துவிட்டது என்ற செய்தி மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் பக்கம் வந்து சேர்ந்தபோது, ஒட்டுக்கடை மேசைகளில் தே தாரிக் ஆறிப்போகும் அளவுக்குப் பேச்சு ஓடியது. செய்தி பொய்யில்லை. சீனாவின் ஹைனான் தீவில் இருவகை இயந்திரங்களைச் சோதித்திருக்கிறார்கள். ஒன்று, மரத்துக்கு ஒன்றாகக் கட்டிவைத்துவிடும் வெட்டுக்கருவி. இன்னொன்று, மர வரிசையான நிரைக்குள் தானே ஊர்ந்துபோய், மரத்துக்கு மரம் நின்று, கை நீட்டிப் பட்டையில் வெட்டுக்கோடு இழுக்கும் ரோபோ.

நம் ஆட்களின் முதல் கேள்விகள் எல்லாம் நிர்வாகச் சம்பந்தமானவை. "அட்டை கடிச்சா அதுக்கும் எம்.சி. (மருத்துவ விடுப்பு) உண்டா?" "மழை பேஞ்சா அதுவும் பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) வராதா?" "இ.பி.எஃப். எந்த வயசுல எடுக்கும்?" சிரித்து முடித்த பிறகு, முப்பது வருஷம் உளி பிடித்த ஓர் அம்மா கேட்டதுதான் அறிவியல் கேள்வி: "வெட்டுறது யாரு வேணாலும் வெட்டலாம் தம்பி. ஒரு மரத்துல மூணு மணி நேரம் ஓடுற பாலு, பக்கத்து மரத்துல ஒரு மணி நேரத்துல நின்னுடுதே, அத யாரு நிறுத்துறா?"

சரியான இடத்தில் கைவைத்த கேள்வி. பால் ஏன் வருகிறது என்பதைவிட ஏன் நிற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நேரம், சாய்வு, ஆழம், மருந்து என்று பால்வெட்டில் நாம் செய்யும் அத்தனையும் அந்த நிறுத்தத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும் வேலைதான்.

பால் வருவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மரப்பட்டைக்குள் பால்குழாய்கள் வளையம் வளையமாக அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றின் குறுக்களவும் 20 முதல் 30 மைக்ரோமீட்டர், தலைமுடியின் பருமனில் பாதிகூட வராது. அவை நேராக மேலே போவதில்லை. நமக்கு எதிரே நிற்கும் மரத்தில் இடதுகீழிலிருந்து வலதுமேலாக, சில டிகிரி சாய்ந்து சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. அதனால்தான் கோட்டை இடதுமேலிலிருந்து வலதுகீழாக இழுக்கிறோம். ஒட்டுக்கன்று மரத்தில் சாய்வு 30 டிகிரி. திசையை மாற்றி வெட்டினாலும் பால் வரும், ஆனால் அதே நீளக் கோட்டில் குறைவான குழாய்களே அறுபடும்.

அந்தக் குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கேட்டால் பலருக்கு நம்பிக்கை வராது. 1964-இல் பட்டரி, போட்மேன் என்ற இரு ஆய்வாளர்கள், நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில், பட்டையில் நுண்ணிய கண்ணாடி அழுத்தமானிகளைச் செருகி அளந்தார்கள். கிடைத்தது ஏறக்குறைய 8 முதல் 15 வளிமண்டல அழுத்தம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2, மிஞ்சினால் 2.5. வெயில் ஏறினால் இலைகள் நீரை இழுத்து ஆவியாக்கும், தண்டில் நீர் குறையும், குழாயின் அழுத்தமும் இறங்கும். விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவதற்குக் காரணம் இதுதான். பகல் 12 மணிக்கு வெட்டினால் ரோபோவுக்கும் பால் கம்மிதான்.

உளி பட்டதும் அழுத்தம் விடுபட்டு, குழாய்ச் சுவர்கள் சுருங்கிப் பாலை வெளியே தள்ளுகின்றன. முதல் சில நிமிடம் பீறிடும். பிறகு மெதுவாகும், சொட்டாகும், நிற்கும். மரத்தில் பால் தீர்ந்துவிட்டதா? இல்லை. அதே மரத்தில் அதே கோட்டில் ஒன்றரை மில்லிமீட்டர் சீவினால் மறுபடி ஓடுகிறது. அப்படியானால் அடைப்பு அந்த ஒன்றரை மில்லிமீட்டருக்குள்தான் இருக்கிறது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பால் என்று நாம் சொல்வது வெறும் ரப்பர் கரைசல் அல்ல. மரத்தின் உயிரணுக்குள் இருக்கும் கூழ் அப்படியே வெளியே வருகிறது. அதில் ரப்பர் 30 முதல் 40 விழுக்காடு, மிக நுண்ணிய உருண்டைகளாக. ஒவ்வொரு உருண்டையின் மேலும் எதிர்மின்னூட்டம். ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, ஒட்டாமல் மிதக்கின்றன. கூடவே இன்னொரு கூட்டம் மிதக்கிறது: லூட்டாய்டுகள். 2 முதல் 5 மைக்ரோமீட்டர் அளவுள்ள மெல்லிய பைகள். பாலின் பருமனில் பத்து முதல் இருபது விழுக்காடு இவைதான். பைக்கு வெளியே பால் கிட்டத்தட்ட நடுநிலை, உள்ளே புளிப்பு. அந்தப் புளிப்புச் சாறுக்குள் கால்சியம், மக்னீசியம் போன்ற நேர்மின் அயனிகளும், நேர்மின் புரதங்களும், ஹெவீன் என்ற சின்னப் புரதமும் அடைத்துவைக்கப்பட்டிருக்கின்றன. தீக்குச்சியையும் மண்ணெண்ணெயையும் ஒரே அலமாரியில், நடுவே ஒரு காகிதம் வைத்துப் பூட்டியதுபோல.

வெட்டியதும் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கிறது. அழுத்தம் சட்டென்று இறங்கிய குழாய்க்குள் பக்கத்து உயிரணுக்களின் நீர் புகுந்து பாலை நீர்க்கச் செய்கிறது. நீர்த்த பாலில் இருக்கும் லூட்டாய்டு, உப்புத் தண்ணீரிலிருந்து நல்ல தண்ணீருக்கு வந்த மெல்லுயிர்போல வீங்குகிறது. அப்படி வீங்கியது சுருங்கிய குழாயின் வாயை நோக்கி ஓடும்போது சுவரில் உரசிக் கிழிகிறது. பை உடைந்ததும் நேர்மின் சரக்கெல்லாம் வெளியே கொட்டுகிறது. எதிர்மின் ரப்பர் உருண்டைகளின் விலக்கம் போய், அவை கொத்துக் கொத்தாகத் திரள்கின்றன. ஹெவீன் உருண்டைக்கும் உருண்டைக்கும் பாலம் போடுகிறது. இந்தத் திரள் குழாயின் வாயில் போய் உட்கார்ந்து தக்கையாகிறது. 1960-களில் சதர்ன் என்ற ஆய்வாளர் இதே கழகத்தில் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னது இதைத்தான்.

எனக்கு இதில் பிடித்தது ஹெவீன். 43 அமினோ அமிலம் மட்டுமே கொண்ட குட்டிப் புரதம். பூஞ்சையின் உடற்சுவரில் இருக்கும் கைட்டினைப் பிடித்துக்கொள்வதும் அதன் தொழில். காயத்தை அடைக்கும் அதே பொருள், காயம் வழியே நுழையவரும் பூஞ்சைக்கும் பகை. ஒரே ஆள் சிமெண்டும் பூசுகிறான், வாசலில் காவலும் நிற்கிறான். (ரப்பர் கையுறை போட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வருவதற்குக் காரணமான புரதங்களில் இவனும் ஒருவன்.)

ஆக, பாலை நிறுத்துவது மரமே. கேள்வி கேட்ட அம்மாவின் பக்கத்து மரம் சீக்கிரம் நின்றதற்குக் காரணம் சோம்பல் இல்லை; அதன் லூட்டாய்டுகள் சீக்கிரம் உடையும் ரகம். இதற்கு ஒரு கணக்கே உண்டு, அடைப்புக் குறியீடு என்று. முதல் ஐந்து நிமிடத்தில் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வந்தது என்று அளந்து, அதை அன்றைய மொத்தப் பாலால் வகுத்து, நூறால் பெருக்குவார்கள். நிமிடத்துக்கு 5 மில்லி வந்து மொத்தம் 200 மில்லி தேறினால் குறியீடு 2.5. அதே 5 மில்லி வேகத்தில் தொடங்கி 80 மில்லியில் நின்றால் 6.25. எண் கூடினால் அடைப்பு வேகம். ஒரு மங்கும் (பால் பிடிக்கும் கிண்ணம்), ஒரு கடிகாரமும், அளவுக் குவளையும் போதும். எந்த நிரையிலும் எவரும் செய்து பார்க்கலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைப் பிரித்துவிடவேண்டும். "மங்குல அமோனியா விட்டா நிக்காம ஓடுமே" என்று ஒருவர் அடித்துச் சொன்னார். மங்கில் பால் கட்டிப்பால் ஆவது வேறு கதை. காற்றிலும் மங்கின் ஓரத்திலும் இருக்கும் பாக்டீரியா, பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகிறது, புளித்துத் திரள்கிறது. அந்த நாற்றம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அமோனியா அந்தப் பாக்டீரியாவை அடக்கும், புளிப்பை முறிக்கும். ஆனால் மங்கில் விடும் அமோனியா மங்கோடு சரி. மேலே குழாய் வாயில் உட்கார்ந்த தக்கையை அது தொடாது.

தக்கையைத் தள்ளிப்போடும் மருந்து வேறு, அது எத்திஃபோன். 1968-இல் இதை ரப்பர் மரத்துக்குப் பயன்படுத்தி முதலில் எழுதிய மூவரில் ஒருவர் எஸ்.டபிள்யூ. பாக்கியநாதன். தோட்டத்தில் பிறந்த எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? எத்திஃபோன் கடும்புளிப்பான கரைசலில் அப்படியே இருக்கும். பட்டைக்குள் புளிப்பு குறைந்ததும் உடைந்து எத்திலீன் வாயுவை விடும். வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் அதே வாயு. ஜொகூரின் பொந்தியானில் அன்னாசி ஒரே நேரத்தில் பூக்கத் தெளிப்பதும் இதே மருந்துதான். ரப்பர் மரத்தில் எத்திலீன் லூட்டாய்டின் தோலை உறுதியாக்குகிறது, குழாய்க்குள் நீர் வரத்தையும் கூட்டுகிறது. பால் கொஞ்சம் தண்ணியாகும், ஆனால் நெடுநேரம் ஓடும். வழக்கமான அளவு 2.5 விழுக்காடு, தூரிகையால் கோட்டின் மேல் மெல்லிய பூச்சு, அதற்குமுன் கோட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உருவிவிட வேண்டும். 

கூடுதலாகப் பூசினால் கூடுதல் பால் என்ற கணக்கு நெடுநாள் நிற்காது. மருந்தையும் வாரி இழைத்து, ஒருநாள்கூட விடாமல் வெட்டினால், மரம் நொந்து, லூட்டாய்டுகள் குழாய்க்கு உள்ளேயே உடையத் தொடங்கும். வாயில் உட்காரவேண்டிய தக்கை வழிநெடுக உட்காரும். கோடு வறண்டு, பட்டை பழுப்பாகி, வெடிக்கும். இதைத்தான் "மரத்துக்குக் கண்ணு பட்டிடுச்சு" என்று எலுமிச்சம்பழத்தோடு வருகிறார்கள். எலுமிச்சம்பழத்தில் தீங்கில்லை. ஆனால் அந்தப் பழத்தைக் கட்டிய கையோடு நாளைக்கும் அதே கோட்டில் வெட்டுகிறார்களே, அதுதான் கொடுமை. மரத்துக்கு வேண்டியது சில மாதம் ஓய்வு. பிறகு மூன்று நாளைக்கு ஒரு வெட்டு.

இப்போது ரோபோவிடம் வருவோம். குழாய்கள் அதிகம் அடர்ந்திருப்பது பட்டையின் உள்ளோரத்தில், கேம்பியத்தை ஒட்டி. கேம்பியம் என்பது பட்டையையும் மரத்தையும் உண்டாக்கும் ஒற்றைத்தாள் அளவிலான உயிர்ப்படலம். அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் உளி நிற்கவேண்டும். மேலோட்டமாகச் சீவினால் நல்ல குழாய்கள் தப்பிவிடும். கேம்பியத்தைத் தொட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் கோடு இழுக்கமுடியாது. ரோபோவின் லேசர் பட்டையின் வெளிப்புறத்தைத் துல்லியமாக அளக்கும். கேம்பியமோ உள்ளே இருக்கிறது. பட்டையின் தடிப்பு மரத்துக்கு மரம், ஒரே மரத்தில் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது. அனுபவக் கைக்கு உளி மெத்தென்று இறங்கும் அந்த நொடி தெரியும். இயந்திரத்துக்கு அதைச் சொல்லித்தர வெட்டும் விசையை அளக்கும் உணரி வேண்டும், அதுவும் பாசி படிந்த ஈரப்பட்டையில் ஏமாறாமல் இருக்கவேண்டும்.

சீவும் பருமனும் சும்மா விஷயமில்லை. மூன்று நாளைக்கு ஒரு வெட்டு என்றால் ஆண்டுக்குச் சுமார் 120 வெட்டு. ஒன்றரை மில்லிமீட்டர் வீதம் 18 சென்டிமீட்டர் பட்டை போகும். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று ரோபோ 3 மில்லிமீட்டர் சீவினால் 36. ஆறு வருஷம் வெட்டவேண்டிய பட்டை மூன்றே வருஷத்தில் தரைதட்டும். தக்கையோ முதல் ஒன்றரை மில்லிக்குள்ளேயே போய்விட்டது. மீதிச் சீவல் வெறும் நஷ்டம். ஆகவே அந்தச் செய்தியில் நான் தேடிப் பார்க்கும் எண், மணிக்கு எத்தனை மரம் என்பதல்ல. வெட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பது.

இதில் பலவற்றை உலகத்துக்குச் சொன்னது 1925-இல் தொடங்கிய நம் ஆராய்ச்சிக் கழகம். கோலாலம்பூரை அடுத்த சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் இருந்த நிலத்தில் இன்று குடியிருப்பு நகரம் எழுகிறது, எம்.ஆர்.டி. ரயில் நிலையமும் இருக்கிறது. நெல் ஆய்வு கெட்டால் அடுத்த போகத்தில் திரும்பச் செய்யலாம். ரப்பர் மரத்தின் ஒரு ஆய்வு முடிய இருபது வருஷமும் ஆகும். ஆய்வு மரங்களைச் சாய்த்துவிட்டு ரோபோவுக்கு மானியம் ஒதுக்கினால் எனக்கு ஒட்டாது. தோட்டங்கள் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறிய பிறகு ரப்பர் பெரும்பாலும் சிறுதோட்டக்காரர்களிடம்தான் இருக்கிறது. ஐந்து ஏக்கர்காரரின் சரிவான நிலத்தில் ஊரும் ரோபோ எப்படி ஏறும் என்று யாராவது கேட்டால் நல்லது.

பள்ளி ஆய்வகம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்கள் தக்கை பிறப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு லிட்டர் நீரில் 137 கிராம் சீனி கரைத்து வையுங்கள். லூட்டாய்டு வீங்காமல் இருக்க அந்த அடர்த்தி போதும். இன்னொரு பாத்திரத்தில் வெறும் காய்ச்சி வடித்த நீர். வெட்டி ஐந்து நிமிடத்துக்குள் விழும் பாலில் ஒரு சொட்டு அதிலும் ஒரு சொட்டு இதிலும் விட்டுக் கலக்கி, ஒவ்வொன்றிலும் சிறுதுளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் மூடி, 400 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். சீனி நீரில் புள்ளிகள் தனித்தனியாக நடுங்கிக்கொண்டிருக்கும். வெறும் நீரில் அவை கொத்துக் கொத்தாகக் கைகோத்து நிற்கும். அமோனியா விட்ட மங்கிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள், ஒன்றும் தெரியாது.