குறுக்கே பத்து கோடு, எண்பத்தொரு குழி

“மரத்தில் வெட்டிய படம் என்கிறீர்கள், கோடெல்லாம் மயிரிழையாக இருக்கிறதே, பிய்ந்து போகாதா?” ஜெர்மானிய தேவதைக் கதைப் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர் கேட்டது.

பலகையில் வெட்டினால் பிய்ந்துதான் போகும். நாருக்குக் குறுக்கே உளி போனால் சிலும்பு கிளம்பும். 1853-இல் லைப்சிக்கில் வெளிவந்த பெக்ஷ்டைனின் தேவதைக் கதைத் தொகுப்புக்கு ஓவியர் லுட்விக் ரிக்டர் வரைந்தாரே, அந்த வகைப் படங்களை வெட்டுவது மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில். அங்கே நார்கள் தூரிகை மயிர்போல நிமிர்ந்து நிற்பதால் உளி எத்திசையிலும் ஒரே சீராக ஓடும். மரம் பாக்ஸ்வுட், மெல்ல வளர்வது, நார் நெருக்கம். தண்டு சிறியது என்பதால் பெரிய படத்துக்குத் துண்டுகளை இணைக்க வேண்டும். ஈரம் ஏறினால் இணைப்பு விலகி வானத்தின் நடுவே வெள்ளைக் கோடு விழும். அதனால்தான் மையைத் துடைக்கத் தண்ணீர் கூடாது, டர்பன்டைன்தான்.

1825-இல் கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுப்பின் சிறு பதிப்புக்கு அவர்கள் தம்பி லுட்விக் எமில் செய்த 7 படங்கள் செப்புத் தகட்டில் செய்தவை. அதில் மை பள்ளத்தில் தங்கும். ஈரத்தாளை உருளையில் அழுத்தி எடுக்க வேண்டும். எனவே படம் தனித்தாள். மரக்கட்டையில் மை மேட்டில் நிற்கும், அச்சுக் கோக்கும் ஈய எழுத்தைப் போலவே. கட்டையை எழுத்தின் உயரத்துக்கு (ஜெர்மனியில் நிலைபெற்ற அளவு சுமார் 23.56 மி.மீ.) இழைத்துவிட்டால் வரிகளுக்கு நடுவிலேயே ஓநாயை உட்கார வைக்கலாம். கட்டை துளி தாழ்ந்தால் படம் வெளுக்கும். அடியில் தாள் ஒட்டி உயர்த்துவார்கள்.

இனிதான் விஷயமே. ஓவியர் நிழலுக்காக 10 கோடு இழுத்து, குறுக்கே இன்னொரு 10 இழுக்கிறார். சில நொடி வேலை. செப்பிலும் அப்படியே கீறிவிடலாம். மரத்திலோ கோடு மேடாக நிற்க வேண்டும். எனவே செதுக்குபவர் கோட்டைத் தொடுவதே இல்லை, இடையில் சிக்கிய 81 கட்டங்களையும் ஒவ்வொன்றாகக் குடைந்தெடுக்கிறார். ஓநாயின் கழுத்தடி நிழல் ஒன்றுக்கே இத்தனை. கோட்டின் பக்கச் சுவரை அடிநோக்கிச் சற்று அகலவிட்டு வெட்ட வேண்டும்; உள்பக்கம் குடைந்துவிட்டால் அச்சழுத்தத்தில் கோடு ஒடியும். ஒடிந்தால் ஒட்ட முடியாது. அந்த இடத்தைத் துளையிட்டு, அதே மரத்தில் முளை அடித்து, மட்டமாக்கி, மறுபடி வரைந்து, மறுபடி வெட்டு!

ரிக்டர் பெயர் முகப்பில் இருக்கும். குழி தோண்டியவர் பெயரைத் தேடினால், பல படங்களில் ஓரத்துப் புல்லுக்குள் இரண்டு எழுத்து மட்டும் கிடைக்கும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.